சரி என்ற குறிக்கு என்ன பொருள்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் கணினி ஆசிரியர்களோடு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும், தமிழ், கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். அதனால் கணினி தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்படி பேசப் போவதில்லை. நான் பார்க்கும் வேலையை நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள். திருத்தும் வேலைதான் அது.

ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் மாணவர் எழுதியதைத் திருத்துகிறீர்கள். நான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலில் இன்னொருவர் செய்த திருத்தத்தைப் படிக்கிறேன். அதை ஏற்கலாமா, வேண்டாமா, எதை மாற்ற வேண்டும் என்று எழுதித் தருகிறேன். இதைப் பரிசீலனை என்று வைத்துக்கொள்வோம். நான் அதிகம் படிப்பது லினக்ஸ் இயக்க அமைப்பில் நினைவகத்தைக் கவனிக்கும் பகுதி. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். காலையில் வருகைப்பதிவுச் செயலியைத் திறக்கிறீர்களே, அது திறந்து முடிவதற்குள் நான் சொல்லப்போகும் நிகழ்வு ஆயிரக்கணக்கான முறை நடந்திருக்கும்.

பேஜ் ஃபால்ட் என்பது குற்றமல்ல

அந்த நிகழ்வுக்குப் பெயர் பேஜ் ஃபால்ட். ஃபால்ட் என்றதும் பிழை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பிழையே இல்லை.

பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு அறையில் சிறிய அலமாரி ஒன்று. பின்னால் பெரிய கிடங்கு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனிப் பதிவேடு இருக்கிறது. அவர் கேட்கும் பக்கம் அலமாரியில் எங்கே இருக்கிறது, அதில் எழுதலாமா, படிக்க மட்டுமா என்று அந்தப் பதிவேடு சொல்லும். அலமாரிதான் கணினியின் நினைவகம். கிடங்கு, சேமிப்பகம். மாணவர், ஓடும் செயலி. நூலகர், கெர்னல் எனப்படும் இயக்க அமைப்பின் மையப்பகுதி.

நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். செயலி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. பதிவேட்டில் அதற்கு இடம் குறிக்கப்படவில்லை. உடனே செயலி அப்படியே நிறுத்தப்படும். நூலகர் கிடங்குக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து வந்து, அலமாரியில் வைத்து, பதிவேட்டில் குறித்துவிட்டு, "இனித் தொடரலாம்" என்பார். தான் நிறுத்தப்பட்டதே செயலிக்குத் தெரியாது. இதுதான் பேஜ் ஃபால்ட். கேட்கவே உரிமையில்லாத பக்கத்தைக் கேட்டால் மட்டும்தான் செயலி வெளியேற்றப்படும்.

இன்னொரு சிக்கன ஏற்பாடும் உண்டு. ஒரே பக்கத்தைப் பல மாணவர்கள் படிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மூலப் பிரதி போதும். ஒருவர் அதில் பென்சிலால் எழுத விரும்பினால், அப்போது மட்டும் நூலகர் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவருக்குக் கொடுப்பார். அவருடைய பதிவேட்டில் ஜெராக்ஸின் இடத்தைக் குறிப்பார். மூலம் பத்திரமாக இருக்கும். இதற்குக் காப்பி-ஆன்-ரைட், அதாவது எழுதும்போது நகல், என்று பெயர். அந்த நகலில் எழுதியதும் பதிவேட்டில் 'எழுதப்பட்டது' என்று ஒரு சிறு குறி விழும். அந்தக் குறியை நினைவில் வையுங்கள். இன்றைய உரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஒரு திருத்தத்தின் வரலாறு

2016 அக்டோபரில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவந்தது. காப்பி-ஆன்-ரைட் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் பசு என்ற சொல் வரும். அதனால் இந்தக் குறைக்கு டர்ட்டி கவ் என்று பெயர் வைத்தார்கள். 2007இல் வெளியான லினக்ஸ் பதிப்பிலிருந்தே அது இருந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகள்.

நடந்தது இதுதான். சில வேளைகளில் செயலி தானே எழுதாமல், நூலகரிடம் சீட்டுக் கொடுத்து, "என் சார்பில் இந்தப் பக்கத்தில் இதை எழுதுங்கள்" என்று கேட்கலாம். படிக்க மட்டும் அனுமதியுள்ள பக்கம் என்றால், நூலகர் முதலில் ஜெராக்ஸ் எடுப்பார். நகல் வந்துவிட்டதே, இனி மூலத்துக்கு ஆபத்தில்லை என்ற எண்ணத்தில், சீட்டிலிருந்து 'எழுதுவதற்கு' என்ற சொல்லை அடித்துவிடுவார். இப்போது சீட்டில் 'பக்கத்தை எடுத்து வா' என்பது மட்டும் இருக்கும். அந்தச் சீட்டோடு பக்கத்தை எடுக்கத் திரும்பிப் போவார்.

அவர் திரும்பிப் போகும் அந்த நொடிக்குள், அதே செயலியின் இன்னொரு பகுதி, "அந்த ஜெராக்ஸ் எனக்கு வேண்டாம், போட்டுவிடுங்கள்" என்கிறது. அப்படிச் சொல்வது விதிப்படி சரியே. நகல் போய்விட்டது. நூலகர் வந்து சீட்டைப் பார்க்கிறார்: 'பக்கத்தை எடுத்து வா'. படிக்கத்தானே என்று மூலத்தையே எடுத்து வருகிறார். பிறகு, முதலில் கேட்டபடி, அதில் எழுதிவிடுகிறார்.

மூலம் என்பது கணினியின் நிர்வாகிக்கு மட்டுமே உரிய கோப்பாக இருந்தால்? சாதாரணப் பயனர் அதை மாற்றி எழுதித் தானே நிர்வாகியாகிவிடலாம். இது சேவையகங்களுக்கும் பொருந்தும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் பொருந்தும்.

இங்கே ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்தது சரி. நகலைத் தூக்கிப் போட அனுமதித்தது சரி. படிப்பதற்கு மூலத்தைக் கொடுத்ததும் சரி. எந்த வரியைக் காட்டியும் இது தவறு என்று சுழிக்க முடியாது. இரண்டு சரிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில்தான் தவறு இருந்தது.

திருத்தம் எழுதியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். இருபது வரிகளுக்கும் குறைவான மாற்றம். சீட்டில் 'எழுதுவதற்கு' என்பதை இனி அடிக்கக் கூடாது. பதிலாக, 'ஒருமுறை நகல் எடுத்தாயிற்று' என்று புதிய குறிப்பு சேர்க்க வேண்டும். திரும்பி வந்ததும், பதிவேட்டில் அந்தப் பக்கத்துக்கு 'எழுதப்பட்டது' குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் எழுதலாம்.

அந்தத் திருத்தத்தோடு அவர் எழுதிய விளக்கக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. இதே குறையைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 2005இல், தாமே சரிசெய்ய முயன்றதாகவும், எஸ்390 என்ற பெருங்கணினி வகையில் அது சிக்கல் தந்ததால் திரும்பப் பெறப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். பின்னாளில் அந்தக் கணினி தொடர்பான சிக்கல் தீர்ந்துவிட்டது. திரும்பப் பெற்றதற்கான காரணம் மறைந்துவிட்டது. ஆனால் பழைய திருத்தம் திரும்ப வரவில்லை. 2005இல் ஏட்டளவில் மட்டுமே சாத்தியமாகத் தோன்றிய நிகழ்வு, நினைவகத்தைக் கவனிக்கும் பகுதி ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தாங்கும்படி வளர வளர எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை

சாதாரணப் பக்கம் 4,096 பைட் என்றேன். பல கணினிகளில் இப்படிப்பட்ட 512 பக்கங்களைச் சேர்த்து 2 மெகாபைட் பெரிய பக்கமாகவும் வைத்துக்கொள்வார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பின்னர் இந்தப் பெரிய பக்கங்களுக்கும் விரிவாக்கினார்கள். அதே விதி, அதே குறி. 2017 நவம்பரில் அங்கே ஓட்டை தெரிந்தது. பெரிய பக்கங்களைக் கையாளும் பகுதியில், ஒரு பக்கத்தைத் தொட்டாலே, எழுதாவிட்டாலும், 'எழுதப்பட்டது' என்று குறி போடும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. நகலே எடுக்காத பக்கத்திலும் குறி விழுந்தது. குறியைப் பார்த்து நம்பிய புதிய விதி ஏமாந்தது.

அதைச் சரிசெய்தார்கள். 2022இல் மூன்றாவது இடம் தெரிந்தது. செயலிகள் தங்கள் பேஜ் ஃபால்ட்டைத் தாமே கவனித்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. அந்த வசதியும், வேறொரு காரணத்துக்காக, அதே குறியைப் போட ஆரம்பித்திருந்தது. மறுபடியும் அதே குறை.

இம்முறை பரிசீலித்தவர்கள் வேறு முடிவெடுத்தார்கள். மூன்றாவது ஓட்டையை மட்டும் அடைப்பதோடு நிறுத்தவில்லை. 'எழுதப்பட்டது' என்ற குறியை நகலுக்குச் சான்றாக நம்புவதையே கைவிட்டார்கள். "இந்தப் பக்கம் இந்தச் செயலிக்கு மட்டுமே உரிய தனி நகல்தானா?" என்பதற்கு நேரடியாக விடை சொல்லும் வேறு குறி அதற்குள் நிரலில் வந்திருந்தது. அதையே கேட்பது என்று மாற்றினார்கள். 2016இல் சீட்டில் சேர்த்த குறிப்பையும் நீக்கிவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதப்பட்ட இடத்தில் சரியாகவே வேலை செய்தது. ஆனால் அது ஒரு குறியின் பொருளை நம்பியிருந்தது. அந்தக் குறியைப் போடும் மற்றவர்களுக்கு, தாங்கள் போடுவதை ஒருவர் 'நகல் எடுத்தாயிற்று' என்று படிக்கிறார் என்பது தெரியாது.

நாம் நோட்டில் சிவப்பு மையில் போடும் டிக்கை எண்ணிப் பாருங்கள். சில நாள் அதற்கு 'விடை சரி' என்று பொருள். சில நாள் 'பார்த்துவிட்டேன்'. சில நாள் 'வீட்டுப்பாடம் எழுதி வந்திருக்கிறான்'. நாற்பது நோட்டுகள் மேசையில் இருக்கும்போது மூன்றுக்கும் ஒரே டிக்தான். வீட்டில் அம்மா அதைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று படிக்கிறார். மாணவரும் அப்படியே படிக்கிறார். தேர்வில் அதே தவறு வரும்போது, "நோட்டில் டிக் போட்டிருந்ததே" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யல்ல.

நான் கேட்கும் நான்கு கேள்விகள்

ஒரு திருத்தம் என்னிடம் வரும்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, ஏன்? என்ன மாற்றினார் என்பது நிரலிலேயே தெரிகிறது. ஏன் மாற்றினார் என்பதை எழுதினால்தான் தெரியும். லினக்ஸில் காரணக் குறிப்பில்லாத திருத்தத்தை ஏற்க மாட்டார்கள். எந்தப் பழைய மாற்றத்தால் இந்தக் குறை வந்தது என்பதும் தெரிந்தால் அதில் குறிப்பிட வேண்டும். 2005இல் நடந்தது 2016இல் தெரியவந்ததற்குக் காரணம், குறிப்புகள் எழுதிவைக்கப்பட்டிருந்ததுதான்.

இரண்டாவது, இடையில் என்ன மாறியிருக்கலாம்? நூலகர் அலமாரியில் 17ஆம் இடம் காலி என்று பார்த்துவிட்டுக் கிடங்குக்குப் போகிறார். திரும்பி வரும்போது இன்னொரு நூலகர் அங்கே அதே பக்கத்தை வைத்திருக்கலாம். எனவே வைப்பதற்கு முன் மறுபடி பார்க்க வேண்டும். கெர்னலில் பேஜ் ஃபால்ட்டைக் கையாளும் பகுதியில் இந்த 'மறுபடி பார்' என்ற வரி பல இடங்களில் வரும். புதிதாக வருபவர்கள், "முன்பே பார்த்தாயிற்றே, இது வீண்" என்று அதை நீக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் நான் நிறுத்திப் படிப்பேன்.

மூன்றாவது, நடுவில் தோற்றால் என்ன ஆகும்? அலமாரியில் இடமே இல்லை என்றால் நூலகர் பாதியில் திரும்ப வேண்டும். அப்போது எடுத்த சாவியைத் திருப்பி வைத்தாரா? எடுத்த பக்கத்தை விட்டாரா? நல்லபடியாக நடக்கும் வழியை எல்லோரும் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதியில் திரும்பும் வழியைச் சோதிப்பவர் குறைவு.

நான்காவது, நீங்கள் நம்பும் குறியை வேறு யார் யார் போடுகிறார்கள்? திருத்தப்பட்ட வரிகளை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அந்தக் குறி வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் படிக்க வேண்டும். பரிசீலனையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

பரிசீலனை எல்லாவற்றையும் பிடித்துவிடுமா? பிடிக்காது. முன்பெல்லாம் ஒரு செயலியின் நினைவக வரைபடம் முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்தது. செயலியின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, எல்லா பேஜ் ஃபால்ட்டும் அந்த ஒரு பூட்டில் வந்து நெருக்கியடித்தன. 2023 ஜூனில் வந்த லினக்ஸ் 6.4 பதிப்பில், வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு என்று மாற்றினார்கள். பல சிறு திருத்தங்களாகப் பிரித்து, பலமுறை பரிசீலித்த பிறகே சேர்த்தார்கள். அப்படியிருந்தும், ஒரு செயலி தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் நேரத்தில் நினைவகத் தகவல் சிதைவது வெளிவந்த பிறகே தெரிந்தது. உடனே அந்த வசதியைத் தற்காலிகமாக அணைத்தார்கள், காரணத்தைக் கண்டு சரிசெய்தார்கள், மீண்டும் இயக்கினார்கள். இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தேவைப்பட்டால் அணைக்கும்படியே அந்த வசதியை முதலில் அமைத்திருந்தார்கள்.

எப்படிச் சொல்வது

பரிசீலனையில் இன்னொரு பக்கமும் உண்டு. என்ன சொல்கிறோம் என்பதோடு எப்படிச் சொல்கிறோம் என்பதும் சேர்ந்தது அது. லினக்ஸ் உலகில் கடுஞ்சொல் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தமது கடுமையான பேச்சுக்காக எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் பணியிலிருந்து ஒதுங்கியும் இருந்தார். அதே காலத்தில் நடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன.

இது வெறும் நாகரிகம் பற்றிய செய்தியல்ல. திட்டு வாங்குவோம் என்று பயப்படுபவர் தம் திருத்தத்தைக் காட்டவே தயங்குவார். காட்டினாலும், தமக்குச் சந்தேகமுள்ள இடத்தை மறைத்துக் காட்டுவார். பரிசீலிப்பவருக்கு வேண்டியதோ அந்தச் சந்தேகமுள்ள இடம்தான். "இது தவறு" என்று எழுதுவதைவிட, "இந்த இடத்தில் இன்னொருவர் நகலைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?" என்று எழுதினால் எனக்கு அதிகம் தெரியவருகிறது. எழுதியவர் விடை சொல்லத் தொடங்கும்போது அவரே கண்டுபிடித்துவிடுகிறார். சில நேரம் அவர் செய்தது சரி என்று எனக்குப் புரிகிறது.

வகுப்பறைக்கு மூன்று

உங்கள் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் வேலையிலிருந்து உங்களுக்குப் பயன்படலாம் என்று தோன்றும் மூன்றை மட்டும் வைக்கிறேன்.

ஒன்று, திருத்தத்தோடு ஒரு வரிக் காரணம். கணக்கில் தவறான விடையை அழித்துச் சரியான விடையை எழுதி வரும் மாணவர், கரும்பலகையைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். "முன்பு ஏன் 52 வந்தது?" என்று அருகில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "கடன் வாங்கிய பத்தைக் குறைக்க மறந்தேன்" என்று ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை எழுதினால், அடுத்த கணக்குக்கும் அது உதவும். பழைய விடையை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். தவறு எப்படி வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

இரண்டு, குறிகளைப் பிரித்துக்கொள்ளுதல். 'பார்த்தேன்' என்பதற்கு ஒன்று, 'சரி' என்பதற்கு இன்னொன்று. எந்தக் குறி என்பது உங்கள் விருப்பம். ஆண்டின் தொடக்கத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் அதன் பொருளை எழுதி ஒட்டிவிட்டால், மாணவரும் பெற்றோரும் அடுத்த ஆண்டு வரும் ஆசிரியரும் ஒரே பொருளில் படிப்பார்கள்.

மூன்று, மேல்வகுப்புகளில் நிரல்களை மாற்றிப் படித்தல். பைத்தான் எழுதும் மாணவர்கள் இருவர் இருவராக நிரலை மாற்றிக்கொள்ளட்டும். தவறு கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டாம். மூன்று கேள்விகள் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: 'எண்ணுக்குப் பதில் எழுத்தை உள்ளிட்டால் என்ன ஆகும்?', 'பட்டியல் காலியாக இருந்தால்?', 'இந்த மாறியை வேறு எங்கே மாற்றுகிறாய்?' கணினி ஆய்வகத்தில் போதிய கணினிகள் இல்லாத நாளிலும் இதைத் தாளில் செய்யலாம். நிரல் எழுதுபவர்களின் அன்றாட வேலையில் பெரும்பகுதி பிறர் எழுதியதைப் படிப்பதுதான். அந்தப் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கட்டும்.

'பக்கத்தை மறுபடி பார்' என்பதைக் கற்பிக்க விளையாட்டு ஒன்றும் உண்டு. பத்து இடங்கள் கொண்ட அலமாரியைக் கரும்பலகையில் வரையுங்கள். இரண்டு மாணவர்கள் நூலகர்கள். ஒரே நேரத்தில் ஒரே எண்ணை இருவரிடமும் கேளுங்கள். இருவரும் 'காலி' என்று பார்த்துவிட்டு வகுப்பின் பின்பக்கம் போய் அட்டையை எடுத்து வரட்டும். ஒரே இடத்துக்கு இரண்டு அட்டைகள் வந்து நிற்கும். அப்போது வகுப்பைக் கேளுங்கள்: "எந்த இடத்தில் என்ன விதி சேர்த்தால் இது நடக்காது?" விடையைப் பிள்ளைகளே சொல்லட்டும். பெரும்பாலும் முதலில் "ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும்" என்பார்கள். அது ஒரே பெரிய பூட்டு. அடுத்து, "எல்லோரும் காத்திருந்தால் நேரமாகிறதே" என்று கேளுங்கள். இருபது நிமிடத்தில், பொறியாளர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்விக்கு உங்கள் எட்டாம் வகுப்பு வந்து நிற்கும்.

ஒரு குறையை அழித்தோமா என்பதோடு பரிசீலனை முடிவதில்லை. அந்தக் குறை எதை நம்பி வந்தது, அதையே நம்பி வேறு எது நிற்கிறது என்று பார்க்கும்போதுதான் திருத்தம் முழுமையாகிறது. பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் இன்னும் இரண்டு முறை திறந்துகொண்டதற்கு, திறமைக் குறைவு காரணமில்லை. ஒரு குறியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படித்ததே காரணம். உங்கள் மேசையில் இன்று மாலை காத்திருக்கும் நோட்டுகளிலும் அப்படிப்பட்ட குறிகள் இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். குறிப்பாக, நான் சொன்னதில் எங்கே சந்தேகம் வந்ததோ அங்கிருந்து தொடங்குங்கள்.